ஏசி போட்ட ஓட்டும் எங்கள் குடையும்

பெயர்ப் பதிவு மன்றத்தின் பெருமைக்குரிய தலைவர் அவர்களே! தலைவருக்கு வலப்பக்கம் வீற்றிருப்பவரும், இந்தக் கூட்டம் முடியும் வரை நம் செயலாளராகவும், முடிந்த மறுநொடி முதல் நம்மை வாங்க வந்திருக்கும் நிறுவனத்தின் முதன்மை ஆலோசகராகவும், ஒரே நாற்காலியில் இரண்டு பிறவி எடுத்தவருமான செயலாளர் அவர்களே! முழங்கால் வலியை மூட்டை கட்டி வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தவர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையைப் பல்லிடுக்கிலும் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வாசலோடு நின்றுவிட்ட தம்பிமார்களே, உள்ளே வாருங்கள், நாற்காலி கடிக்காது! மூன்றாவது வரிசையில் தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, இவள் ஏதாவது ஏடாகூடமாகப் பேசித் தொலைத்துவிடுவாளோ என்று வியர்த்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களே!

இன்னும் ஒருவர் இருக்கிறார். சென்ற கூட்டத்தில் வாயே திறக்காமல் வாக்களித்தவர். வாக்களித்து நம் அத்தனை பேரின் வாயையும் அடைத்தவர். இன்று வர இயலாமல் நம் அலுவலக மாடியறைச் சுவரிலேயே தங்கிவிட்டவர். நம் மன்றத்தின் மாபெரும் வாக்காளர், மாண்புமிகு ஏசி அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன், சிரித்து முடித்த பிறகுதான் வயிறு எரிந்தது. ஏசிக்கு நான் ஏன் வணக்கம் சொன்னேன் என்று கேட்காமல் யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.

நான் மேடைக்குப் பழகியவள் இல்லை. குடை செய்பவரின் மனைவி. எங்கள் கடையில் கம்பி வளைப்பது அவர். துணி வெட்டுவது நான். துளை போடுவது அவர், தைப்பது நான். வாயைத் திறப்பது நான் மட்டும். அதனால்தான் இன்று அவர் தூணுக்குப் பின்னாலும் நான் ஒலிபெருக்கிக்கு முன்னாலும் நிற்கிறோம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் ஆளுக்கொரு முகவரி இருக்கிறது அல்லவா? முன்னால் நாம் விரும்பி வைத்த பெயர். அதன் பின்னால் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் நம் நாட்டுக்கென்று ஒரு வால். அந்த வாலுக்கு முன்னால் எந்தப் பெயர் யாருடையது என்று பதிந்து வைத்து, ஒருவர் பெயரை இன்னொருவர் தட்டிப் பறிக்காமல் காப்பதுதான் இந்த மன்றத்தின் வேலை. பெயர் வைத்திருக்கும் எல்லோரும் இதில் உறுப்பினர். பல்கலைக்கழகமும் உறுப்பினர், பல் டாக்டரும் உறுப்பினர். மருந்துக் கடையும் உறுப்பினர், மரக்கடையும் உறுப்பினர். இது யார் வீட்டுச் சொத்தும் இல்லை. இது நம் எல்லோருடையது.

எங்கள் பெயர் என்ன தெரியுமா? ‘குடை’. அவ்வளவுதான். குடை, ஒரு புள்ளி, ஒரு வால். இணையம் என்றால் என்னவென்றே பாதிப் பேருக்குத் தெரியாத காலத்தில் என் வீட்டுக்காரர் போய்ப் பதிந்துவிட்டு வந்தார். “ஏங்க, குடைக்கு எதுக்குங்க இணையம்? மழை வந்தா வாங்கப் போறாங்க” என்றேன். அன்றைக்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

“ஏம்மா, குடையைத் தொலைக்காத மனுஷன் எவனாச்சும் உண்டா? தொலைக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான் அது. திரும்பி வர வழி மட்டும் அதுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

அன்று முதல் எங்கள் குடை ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் சூடான அச்சால் எங்கள் இணையப் பெயரைப் பொறிக்கிறார். பெயருக்குக் கீழே அந்தக் குடைக்கென்று ஓர் எண். பேருந்தில் விடுகிறீர்களா? வங்கியில் விடுகிறீர்களா? பெண் பார்க்கப் போன வீட்டில் பதற்றத்தில் விட்டுவிட்டு ஓடி வருகிறீர்களா? கண்டெடுத்தவர் கைப்பிடியைப் பார்ப்பார், அந்தப் பெயரைக் கைபேசியில் தட்டுவார், எங்கே கிடைத்தது என்று சொல்வார். குடை உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். விற்பதோடு வேலை முடிந்தது என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒரு செவிலியர், பணி முடிந்து பேருந்தில் கண்ணயர்ந்தவர், குடையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். ஓட்டுநர் எடுத்துப் பெயரைத் தட்ட, குடை எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பெண் வந்தார், வாங்கினார், கடைக்குள்ளேயே விரித்துப் பார்த்தார், அப்படியே முக்காலியில் உட்கார்ந்து அழுதார்.

“கிழியக்கூட இல்லையேம்மா, எதுக்கு அழறே?” என்று கேட்டேன்.

“இது அப்பா வாங்கிக் கொடுத்தது அக்கா. அப்பா போயிட்டாரு. இனிமே அவரால எனக்கு எதுவும் வாங்கித் தர முடியாதில்ல?” என்றார்.

என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பி நூல்கண்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். நூல்கண்டு அவர் கையில்தான் இருந்தது. நானும் சொல்லவில்லை. நன்றாகத் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்ன செயலாளர் அவர்களே, மணியைத் தொடுகிறீர்களா? அதற்குள்ளா? பெயர்ப் பதிவைப் பற்றிப் பேசச் சொன்னால் பேருந்தைப் பற்றிப் பேசுகிறாளே என்கிறீர்கள். பெயரைப் பற்றித்தான் பேசுகிறேன், அய்யா. உங்களுக்குப் பெயர் என்றால் பண்டம். எங்களுக்குப் பெயர் என்றால் வாக்கு. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் முறையும் வருகிறது.

இந்த மன்றத்துக்கு ஒரு வினோதமான வழக்கம் உண்டு. இங்கே யாரும் கை தூக்குவதில்லை. சீட்டு எழுதிப் போடுவதும் இல்லை. ம் கொட்டுகிறோம். ஆமாம், கதை கேட்கிற பிள்ளை ம் கொட்டுமே, அதே ம்! கணினிக் கடையின் பின்னறையில் இந்த மன்றத்தைத் தொடங்கியவர்கள், கை தூக்கினால் யார் யாருக்கு எதிரி என்று தெரிந்துவிடும், பகை வரும் என்று பயந்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வாயையும் மூடிக்கொள்ளுங்கள், ஆதரிப்பவர்கள் ஒருமுறை ம் கொட்டுங்கள், எதிர்ப்பவர்கள் ஒருமுறை ம் கொட்டுங்கள், எந்த ம் பெரிதோ அந்தப் பக்கம் தீர்மானம் என்றார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பின்னறையில் ஏசி கிடையாது. அதை அவர்கள் எழுதி வைக்க மறந்துவிட்டார்கள்.

சென்ற கூட்டத்துக்கு வருவோம். மாடியறை. வந்தவர்கள் கொஞ்சம் பேர். புழுக்கம். நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்தைய வரி, ‘நிர்வாகச் சீரமைப்பு’. கேட்டால் கொட்டாவி வருகிறதல்லவா? கொட்டாவி வர வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருந்தார்கள்! உள்ளே இருந்த சங்கதி என்ன? நம் வாலை, நம் எல்லோருக்கும் சொந்தமான இந்தப் பதிவகத்தை, முழுசாக ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பது. யார் அந்த நிறுவனம்? போன மாதம் முளைத்தது. யார் அதற்கு ஆலோசகர்? அதை அன்று யாரும் சொல்லவில்லை. இன்று அவர் கழுத்தில் தொங்கும் அட்டையே சொல்கிறது. அட்டையைத் திருப்பி வைக்காதீர்கள் செயலாளரே, எல்லோரும் படித்தாகிவிட்டது.

உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டோம் என்கிறார்கள். கேட்டார்கள், மறுக்கவில்லை. எழுதியவர் எல்லோரும் வேண்டாம் என்று எழுதினோம். பல் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பத்துப் பக்கம் எழுதினார். அதற்கு இவர்கள் போட்ட சுருக்கம் என்ன? ‘உறுப்பினர்கள் மிகுந்த ஆர்வம் காட்டினர்.’ ஆகா! திருடனைத் துரத்திக்கொண்டு தெருவே ஓடினால், தெருமக்கள் உடற்பயிற்சியில் ஆர்வம் காட்டினர் என்று எழுதுவீர்களா?

தலைவர் கண்ணை மூடச் சொன்னார். மூடினோம். “ஒப்படைக்கலாம்ங்கிறவங்க” என்றார். கிளம்பியது பாருங்கள் ஒரு ம்! கூரை அதிர்ந்தது, கூஜா அதிர்ந்தது, என் நாற்காலியின் கால்கூட நடுங்கியது. “வேண்டாம்ங்கிறவங்க” என்றார். நான் மூச்சைப் பிடித்து ம் கொட்டினேன். அக்கம்பக்கத்தில் நாலைந்து ம். அறையே மயானம் மாதிரி அடங்கிக் கிடக்க, எங்கள் ம் மட்டும் பரிதாபமாக ஒலித்தது. “தீர்மானம் நிறைவேறியது” என்றார் தலைவர். எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. “நீங்கதானே கொட்டினீங்க?” என்று செருப்புக் கடைக்காரரைக் கேட்டேன். “நான் எதுக்குங்க கொட்டறேன்? என் கடைப் பேரும் இங்கதானே பதிஞ்சிருக்கு? நீங்க கொட்டலையா?” என்று என்னையே கேட்டார். மருந்துக் கடை மரக்கடையைப் பார்த்து முறைத்தது. பல் டாக்டர் எல்லோரையும் பார்த்து முறைத்தார். கொட்டியதாக ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. பகை வரக்கூடாது என்று வைத்த ம், பக்கத்துக் கடைக்காரனோடு பேச்சு வார்த்தை இல்லாமல் செய்துவிட்டது.

அடுத்த வாரம் அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. இன்றைய கூட்டம் அந்தத் தீர்மானத்தை உறுதி செய்துவிட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்று இனிக்க இனிக்க எழுதியிருந்தார்கள். ஒற்றைச் சொல் பெயர்கள் எல்லாம் இனிமேல் ‘உயர்மதிப்புப் பெயர்கள்’. பதிவுக் காலம் முடிந்ததும் ஏலத்துக்கு வரும். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு. செருப்பும் ஏலத்துக்கு, பல்லும் ஏலத்துக்கு, எங்கள் குடையும் ஏலத்துக்கு!

யார் எடுப்பார்கள்? குடை செய்கிறவனா எடுப்பான்? சூதாட்டக்காரன் எடுப்பான். அந்தச் செவிலியரின் குடை நாளைக்கு இன்னொரு பேருந்தில் கிடக்கும். நல்ல மனுஷன் ஒருவர் கைப்பிடியைப் பார்த்துப் பெயரைத் தட்டுவார். என்ன வரும்? ‘வாழ்த்துகள்! நீங்கள் பரிசு வென்றுவிட்டீர்கள்!’ என்று வரும். அந்தப் பெண்ணின் அப்பா வாங்கிக் கொடுத்த குடை எங்கே போகும்?

புதுக் குடைக்கு வேறு பெயர் அடித்துக்கொள்ளுங்கள் என்று செயலாளர் எனக்கு இலவசமாக ஆலோசனை சொன்னார். புதுக் குடைக்கு அடிக்கலாம், அய்யா. விற்ற குடைக்கு? ஊரெல்லாம், தெருவெல்லாம், ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் தொங்குகிற குடையை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுரண்டவா முடியும்?

அறிவிப்பு வந்த அன்று மாலை, என் வீட்டுக்காரர் சூடான அச்சைக் கையில் எடுத்தார், கைப்பிடி வரைக்கும் கொண்டு போனார், திரும்பக் கீழே வைத்துவிட்டார்.

“ஏங்க, ஏன் வெச்சுட்டீங்க?”

“இந்தப் பேரை நம்பி ஒருத்தர் வாங்கிட்டுப் போவாரும்மா. அப்புறம் அது நம்ம பேரா இருக்காது. பொய்னு தெரிஞ்சே எப்படி அடிக்கிறது?”

அன்றிலிருந்து எங்கள் கடையில் பெயரில்லாத கைப்பிடிகள் கூடை கூடையாகக் கிடக்கின்றன. அவர் வளைத்துக்கொண்டே இருக்கிறார், அடிப்பதில்லை. நான் அவரை எத்தனையோ வகையில் திட்டியிருக்கிறேன். சோம்பேறி என்று திட்டியதில்லை, பொய்யர் என்று திட்டியதில்லை. அந்த மனுஷன் அச்சைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் இங்கே ஏறினேன்.

சரி, ஏசிக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள். விசில் அடிக்கும் தம்பி, விசில் ஓட்டாகாது. இந்த மன்றத்தில் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை, ஆனாலும் அடிக்காதே.

மூன்று நாளைக்கு முன்னால் கடைக்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் எங்கள் குடை ஒன்று. கறுப்புத் துணி, வளைந்த கைப்பிடி.

“அக்கா, இது உங்க கடைக் குடைதானே? பேரைத் தட்டிப் பார்த்தேன். கடை போற வழில இருக்கேன்னு நேராக் கொண்டாந்துட்டேன்.”

“நல்லா இருப்பே தம்பி. எங்க கிடைச்சுது?”

“மன்றத்து மாடி ரூம்லக்கா. ஏசி ரிப்பேருக்குப் போனேன். ஜன்னலோரமா சாத்தி வெச்சிருந்துச்சு.”

நான் துணி வெட்டிக்கொண்டே, சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். “ஏசிக்கு என்ன கேடு?”

“அதை ஏன்க்கா கேக்கறீங்க! ஆன் ஆச்சுன்னா ஊரே கூடி ம் கொட்டுற மாதிரி உறுமும். ரூம் குளிர்ந்ததும் கப்புனு அடங்கிடும். திரும்பப் புழுங்கினா திரும்ப உறுமும்.”

கத்தரிக்கோல் என் கையில் அப்படியே நின்றுவிட்டது. “உன்னை எப்ப கூப்பிட்டாங்க?”

“கூட்டத்துக்கு முன்னாடியே செயலாளர் கூப்பிட்டுட்டாருக்கா. கிளம்பறேன்னேன். வேணாம், கூட்டம் முடியட்டும், அப்புறமா வந்து பாருன்னுட்டாரு.”

கேட்டீர்களா? கேட்டீர்களா, என் அருமை உறுப்பினர்களே? உறுமுகிறது என்று தெரியும். எப்போது உறுமும் என்று தெரியும். பழுது பார்க்க ஆள் தயார். வேண்டாம், கூட்டம் முடியட்டும்! ஆதரவு என்றதும் உறுமியது யார்? ஏசி! எதிர்ப்பு என்றதும் அடங்கியது யார்? ஏசி! நம் நாட்டின் பெயர்களை எல்லாம் அள்ளிக் கொடுக்கச் சம்மதித்தது யார்? நானா? நீங்களா? செருப்புக் கடைக்காரரா? சந்தா கட்டாத, பெயர் பதியாத, சுவரில் தொங்குகிற ஒரு தகரப் பெட்டி!

என்ன சொல்கிறார் செயலாளர்? “அது தற்செயல்” என்கிறாரா? இருக்கலாம், அய்யா. ஏசி உறுமியது தற்செயல். நீங்கள் அந்தத் தம்பியைத் தள்ளிப் போட்டது தற்செயல். ஆலோசகர் அட்டை உங்கள் கழுத்தில் வந்து விழுந்தது தற்செயல். நாங்களும் இன்று இத்தனை பேர் தற்செயலாகத்தான் இந்தப் பக்கம் வந்தோம்.

அட, அமைதி, அமைதி. செருப்புக் கடைக்காரரே, கையில் எடுத்த சரக்கைக் கீழே போடுங்கள். அது காலுக்கு. செயலாளரைத் திட்டுவதற்காக நான் ஏறவில்லை, அது வழியில் தானாக நடந்துவிட்டது.

தலைவர் அவர்களே, உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொன்னபோது நீங்களும் மூடினீர்கள். நேர்மையாக மூடினீர்கள், அதுதான் கோளாறு. இன்று நீங்கள் இந்த மண்டபத்துக்குள் எப்படி வந்தீர்கள் என்று எல்லோரும் பார்த்தோம். வெளியே கொட்டுகிறது. தலையில் செய்தித்தாளைக் கவிழ்த்துக்கொண்டு, சட்டை ஒட்ட, தலைமுடி சொட்ட வந்தீர்கள். தாய்மார்கள் ஒரு துண்டு தேடினார்கள். நான் என்ன தேடினேன் தெரியுமா? இதை!

இதோ, அந்தத் தம்பி கொண்டுவந்த குடை. கைப்பிடி எண்ணைப் பார்த்தேன். உங்களுடையது, தலைவர் அவர்களே. எங்களை ஏலத்தில் விடத் தீர்மானம் போட்ட அன்றே, அதே அறையில், ஜன்னலோரம் மறந்துவிட்டுப் போனீர்கள். அறியாத ஆள் ஒருவர் எடுத்தார், நீங்கள் ஏலம் விடப் பார்த்த பெயரையே தட்டினார், அந்தப் பெயர் உங்கள் குடையை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பிடியுங்கள். நனைந்தது போதும்.

உறுப்பினர்களே! இன்று நாம் ம் கொட்டப் போவதில்லை. இந்த மண்டபத்தில் ஏசி இல்லை, நல்லதாகப் போயிற்று. அந்த மின்விசிறி கிறீச்சிடுகிறது, அதையும் யாரும் எண்ணிவிடாதீர்கள். எதற்கு இருட்டில் முனக வேண்டும்? யாருக்குப் பயம்? நம் பெயர், நாம் வைத்த பெயர், நாம் காத்த பெயர். அதை வேண்டும் என்று சொல்ல முகத்தை ஏன் மூட வேண்டும்? பகை வந்தால் வரட்டும்! முகம் தெரிந்த பகையோடு நாளைக்கு டீ குடித்துச் சமாதானமாகிவிடலாம். முகம் தெரியாத ம்மோடு எப்படிச் சமாதானமாவது?

கண்ணைத் திறவுங்கள்! பதிவகத்தை ஒப்படைக்கக் கூடாது என்பவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே, கையைத் தூக்குங்கள்!

அடேயப்பா. பல் டாக்டர் இரண்டு கையையும் தூக்குகிறார். ஒன்று போதும் டாக்டர், நாம் ஏசி இல்லை. மருந்துக் கடையும் மரக்கடையும் ஒன்றாகத் தூக்குகின்றன. வாசல் தம்பிகள் தூக்கிவிட்டார்கள். அந்தத் தூண் பக்கம் யார் எழுந்து நிற்பது? ஐயோ, எங்கள் வீட்டுக்காரர்! கல்யாணத்தில்கூடத் தலை நிமிராத மனுஷன், நின்றுகொண்டு கை தூக்குகிறார். நன்றாகத் தூக்குங்க, பார்க்கட்டும் எல்லாரும்.

தலைவர் அவர்களே, உங்கள் கையும் உயர்ந்திருக்கிறதே! என்ன சொல்கிறீர்கள்? “கைப்பிடியில பேரைப் படிக்கத் தூக்கினேம்மா” என்கிறார். சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள். அய்யா, ஏசி உறுமியது ஓட்டு என்றால், நீங்கள் தூக்கிய கை ஓட்டாகாதா? வேண்டாம் என்றால் இறக்கிவிடுங்கள். நான் காத்திருக்கிறேன். பெயரை நன்றாகப் படித்துவிட்டே இறக்குங்கள்.

இறக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், தலைவர் இறக்கவில்லை!

செயலாளர் அவர்களே, இந்த மன்றத்துக்கு நீங்கள் செய்யும் கடைசி வேலை இது. எண்ணுங்கள். கண்ணைத் திறந்துகொண்டு எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு, ஆசை தீர அந்த மணியை அடித்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட மூத்தவர்களுக்கும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கை தூக்கிய தாய்மார்களுக்கும், விசில் அடித்த தம்பிக்கும், குடையை விட்டுவிட்டுப் போன தலைவருக்கும், அதை எடுத்து வந்த அந்த ஏசி ரிப்பேர்த் தம்பியின் நல்ல மனசுக்கும் என் நன்றி. போகும்போது நாற்காலிக்குக் கீழே ஒரு முறை குனிந்து பாருங்கள், குடையை விட்டுவிடாதீர்கள். விட்டாலும் பரவாயில்லை, வந்துவிடும்.

ஏங்க, எண்ணி முடிக்கிற வரைக்கும் கையை இறக்கிடாதீங்க. முடிஞ்சதும் நேரா கடைக்குப் போறோம். கைப்பிடியெல்லாம் பேரில்லாம கிடக்குது, போய் அச்சைக் காய வைங்க. எல்லோருக்கும் வணக்கம்!